கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு நல்ல இயர்பட் தேர்ந்தெடுப்பது எப்படி: ஒலியை ஒப்பிடும் முறை, செலவு, பில், 7 நாள் கணக்கு

கிருஷ்ணகிரியில் வீடு, ஓசூரில் வேலை. போக 50 கிலோமீட்டர், வர 50. பஸ்ஸில் பாட்டு கேட்காமல் அந்தத் தூரத்தைக் கடக்க என்னால் முடியாது. அதற்காக ஒன்றரை வருடத்தில் மூன்று முறை வயரில்லாத இயர்பட் வாங்கினேன்.

முதலாவது பில் இல்லாமல் வாங்கிய போலி. மூன்றே மாதத்தில் இடது பக்கம் ஊமையாகிவிட்டது. இரண்டாவதை ஆன்லைனில் 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். சத்தம் தகரம் போல இருக்கிறதென்று நினைத்து, திருப்பி அனுப்பும் நாளும் கடந்துவிட்டதால் சித்தி மகனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் காதுக்குள் போகும் முனையில், பெட்டியில் இருந்த பெரிய ரப்பரை மாட்டிக்கொண்டு, "அண்ணா, பேஸ் சும்மா அள்ளுது" என்றான். வாங்கிக் கேட்டுப் பார்த்தேன், உண்மைதான். அதே இயர்பட், அதே பாட்டு. என் காதுக்குச் சேராத ரப்பரோடு பத்து நாள் கேட்டுவிட்டு, பொருளைக் குறை சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவதை வாங்கும் முன் உட்கார்ந்து படித்து, நண்பர்களுடையதை எல்லாம் இரவல் வாங்கிக் கேட்டு, ஒரு முறையை உருவாக்கிக்கொண்டேன். இந்தப் பக்கம் முதல்முறை வாங்கப் போகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

1. முதலில் உங்கள் ஃபோனைப் பாருங்கள்

இயர்பட்டை ஒப்பிடும் முன் இதை முடித்துவிடுங்கள், பாதி மாடல்கள் தானாகக் கழிந்துவிடும். ஃபோனிலிருந்து பாட்டு ப்ளூடூத் வழியாகச் சுருக்கப்பட்டுத்தான் காதுக்கு வருகிறது. அந்தச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். எஸ்பிசி எல்லாக் கருவியிலும் உண்டு. ஏஏசி அநேகமாக எல்லா ஃபோனிலும் உண்டு. சோனி உருவாக்கிய எல்டாக் விநாடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். எல்ஹெச்டிசி, ஆப்ட்எக்ஸ் என்று வேறு சிலவும் உண்டு.

ஐஃபோனில் எஸ்பிசி, ஏஏசி இரண்டு மட்டும்தான். ஐஃபோன் வைத்திருப்பவர் எல்டாக் இருக்கிறதென்று கூடுதலாகக் காசு கொடுத்தால் அது வீண். ஆண்ட்ராய்டில் பதிப்பு 8 முதல் எல்டாக்குக்கு இடம் உண்டு. உங்கள் ஃபோனில் என்னென்ன இருக்கிறதென்று பார்க்க, அபௌட் ஃபோன் பகுதியில் பில்ட் நம்பரை ஏழு முறை தொடுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் ப்ளூடூத் ஆடியோ கோடெக் என்ற வரி இருக்கும். இயர்பட்டை இணைத்த பிறகு, இப்போது எது ஓடுகிறது என்பதும் அதிலேயே தெரியும்.

கோடெக்கை ரொம்பவும் பெரிதாக நினைக்க வேண்டாம். காதில் சரியாகப் பொருந்தாத எல்டாக் இயர்பட்டை விட, கச்சிதமாகப் பொருந்திய ஏஏசி இயர்பட் பல மடங்கு நன்றாகக் கேட்கும். பாட்டு வரும் இடமும் முக்கியம். டேட்டா மிச்சம் பிடிக்க ஆப்பில் லோ குவாலிட்டி வைத்துவிட்டு 20,000 ரூபாய் இயர்பட்டில் கேட்டால் என்ன பயன்? செட்டிங்ஸில் உயர்ந்த தரத்துக்கு மாற்றி, நான்கைந்து பாட்டை வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிடும்போது அவை வேண்டும்.

2. செலவை முழுதாகக் கணக்கிடுங்கள்

பெட்டி விலை மட்டும் செலவில்லை. வேறு ரப்பர் ஜோடிகள் வாங்கினால் 300 முதல் 800 ரூபாய் வரை ஆகும். சர்வீஸுக்கு ஓசூர், சேலம், பெங்களூர் என்று அலைந்தால் பஸ் செலவும் ஒரு நாள் விடுப்பும் போகும். இயர்பட்டின் பேட்டரி மிகச் சிறியது. தினமும் மூன்று மணி நேரம் கேட்டால் இரண்டு மூன்று வருடத்தில் அது தளர்வது தெரியும், பெரும்பாலானவற்றில் அந்த பேட்டரியை மாற்றவும் முடியாது. எனவே விலையை முப்பது மாதத்தால் வகுத்துப் பாருங்கள். 7,999 ரூபாய் என்றால் மாதம் 267 ரூபாய்.

ஒலிக்காக என் பட்டியலில் இருந்தவற்றைச் சொல்கிறேன். இந்தியாவில் அறிமுகமான நேரத்து விலையைக் கொடுத்திருக்கிறேன், பண்டிகைக்கால விற்பனையில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும்.

5,000 ரூபாய் வட்டத்தில் சிஎம்எஃப் பட்ஸ் ப்ரோ 2, 4,299 ரூபாய், எல்டாக் உண்டு. ஒன்பிளஸ் பட்ஸ் 3, 5,499 ரூபாய், ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர்கள், எல்ஹெச்டிசி உண்டு. ஆனால் உங்கள் ஃபோனில் எல்ஹெச்டிசி இல்லாவிட்டால் ஏஏசிக்கு இறங்கிவிடும். அதற்கு மேலே நத்திங் இயர் ஏ 7,999, நத்திங் இயர் 11,999. இரண்டிலும் எல்டாக் உண்டு. விலை கூடிய இயரின் ஆப்பில் ஈக்வலைசரை, அதாவது தாழ்ந்த, நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை, நுணுக்கமாக மாற்றலாம்.

20,000 முதல் 25,000 ரூபாய் வரை மூன்று. சாம்சங் கேலக்ஸி பட்ஸ்3 ப்ரோ 19,999. அதன் உயர்தர கோடெக் கேலக்ஸி ஃபோன்களோடு மட்டும் ஓடும், வேறு ஃபோன்காரர்கள் இதை விட்டுவிடலாம். ஆப்பிள் ஏர்பாட்ஸ் ப்ரோ 2, சி டைப் சார்ஜிங் உள்ளது 24,900. ஐஃபோன்காரர்களுக்கு நல்ல பொருள். ஆண்ட்ராய்டில் பாட்டு கேட்கலாம், ஆனால் அதன் மென்பொருளைப் புதுப்பிக்க ஆப்பிள் கருவி வேண்டும், ரப்பர் பொருத்தச் சோதனையும் கிடைக்காது. சோனி டபிள்யூஎஃப் 1000 எக்ஸ்எம்5, 24,990. எல்டாக் உண்டு, நான்கு அளவு ஃபோம் ரப்பர் பெட்டியிலேயே வரும். நண்பரிடம் வாங்கி ஒரு வாரம் கேட்டேன். பேஸ் கொஞ்சம் தூக்கல், ஆப்பில் அதைக் குறைத்தபின் குரலும் கருவிகளும் இத்தனை தெளிவாக நான் வேறெதிலும் கேட்டதில்லை.

ஆனால் பணத்துக்கு ஏற்ற மாதிரி ஒலி ஏறிக்கொண்டே போகாது. 1,500லிருந்து 5,000க்குப் போகும்போது கிடைக்கும் முன்னேற்றம், 8,000லிருந்து 25,000க்குப் போகும்போது கிடைப்பதில்லை. மேல்விலையில் நீங்கள் கூடுதலாக வாங்குவது முக்கியமாக வெளிச்சத்தத்தை அடக்கும் இரைச்சல் குறைப்பை. நான் கடைசியில் நின்றது 8,000 ரூபாய் வட்டத்தில்.

பெட்டியில் பெரிதாக அச்சிடும் ஸ்பீக்கர் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். 13 மில்லிமீட்டர் போட்டது 10ஐ விட நன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

3. எங்கே வாங்குவது

மூன்று வழி இருக்கிறது. கிருஷ்ணகிரி ரவுண்டானாவைச் சுற்றியும் பெங்களூர் ரோடு, சேலம் ரோட்டிலும் உள்ள மொபைல் கடைகள். பஸ் ஏறினால் பெங்களூர். இல்லாவிட்டால் ஆன்லைன்.

கடையில் வாங்கினால் சிக்கல் வந்தால் நேரில் போய் நிற்கலாம். பெரிய ஷோரூம்களில் டெமோ பீஸ் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பெங்களூரில் மாடல்கள் அதிகம். கர்நாடகா பில்லாக இருந்தாலும் வாரண்டிக்குப் பிரச்சினை வராது, பிராண்ட் வாரண்டி இந்தியா முழுவதற்கும் பொருந்தும். ஆன்லைனில் விலை குறைவு. ஆனால் அங்கே உங்கள் பின்கோடை, 635001 அல்லது தர்மபுரி என்றால் 636701, போட்டுப் பார்த்துவிட்டு, ரிட்டர்ன் பாலிசியை ஒரு வரி விடாமல் படியுங்கள். இயர்பட் காதுக்குள் போகும் பொருள் என்பதால், பல மாடல்களுக்கு 7 நாளில் மாற்றித் தருவது மட்டும்தான். அதுவும் பழுது இருந்தால். "சவுண்ட் பிடிக்கவில்லை" என்பதற்குப் பணம் திரும்ப வராது. பணம் திரும்பத் தரும் விற்பனையாளர் கிடைத்தால், 200 ரூபாய் கூடுதலானாலும் அவரிடமே வாங்குங்கள்.

"ஃபர்ஸ்ட் காப்பி", "மாஸ்டர் காப்பி" என்ற சொல் காதில் விழுந்தால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். நான் ஏமாந்தது அங்கேதான். ஒரு கடையில் ஏர்பாட்ஸ் போலவே இருந்ததை 1,400 ரூபாய்க்கு எடுத்துக் காட்டி, முழுச் சத்தத்தில் ஒரு குத்துப் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். காது கிழிகிற சத்தம் தரமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மெதுவாக ஒரு மெலடி கேட்டபோதுதான் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது தெரிந்தது. போலியில் அசல் சீரியல் நம்பரையே அடித்து விற்கிறார்கள், ஆகவே நம்பரை மட்டும் நம்ப முடியாது. புது ஐஓஎஸ் உள்ள ஐஃபோனில் இணைத்துப் பாருங்கள். போலி என்றால் அசல் என உறுதிசெய்ய முடியவில்லை என்ற எச்சரிக்கை திரையில் வர வாய்ப்பு அதிகம்.

4. வாங்கும்போது கையில் இருக்க வேண்டியவை

ஜிஎஸ்டி பில். அதில் மாடல் பெயர், சீரியல் நம்பர், தேதி, கடையின் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். "பில் போட்டால் 18 சதவீதம் கூட ஆகும்" என்று சொல்வார்கள். பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் வரி என்று ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது.

பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண். வயர்லெஸ் இயர்ஃபோனுக்கு இந்தியாவில் இது கட்டாயம். பெட்டியில் ஆர் என்று தொடங்கி எட்டு இலக்கம் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற அரசு ஆப்பில் அதைப் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருள் என்று காட்டும். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

வாரண்டி கார்டு இருந்தால் முத்திரை வாங்குங்கள். வாரண்டி பிராண்ட் தருவதா, விற்பவர் தருவதா என்று கேளுங்கள். "எங்க கடை வாரண்டி" என்பதற்கு எழுத்தில் ஏதும் இல்லாவிட்டால் அது வாரண்டியே இல்லை.

ஆன்லைன் என்றால் பார்சலைப் பிரிப்பதை முழுதாக வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டில் தொடங்கி, சீல், சீரியல் நம்பர், இரண்டு பக்கமும் இணைந்து பாட்டு ஓடுவது வரை நடுவில் நிறுத்தாமல். காலிப் பெட்டியோ ஒரு பக்கம் மட்டுமோ வந்தால் இந்த வீடியோதான் சாட்சி. பெட்டியை வாரண்டி முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள்.

5. முதல் நாள்: ரப்பர்

காதுக்குள் நுழையும் அந்தச் சிலிக்கான் ரப்பர்தான் பாதி ஒலி. காதை அடைத்து நின்றால்தான் பேஸ் உள்ளே தங்கும். சின்ன இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலி கசிந்துவிடும், மேல் ஒலி மட்டும் மிஞ்சித் தகரம் போலக் கேட்கும். எனக்கு நடந்தது இதுதான்.

பெட்டியில் மூன்று அளவாவது இருக்கும், நடு அளவு மாட்டியே வரும். நிறைய பேர் அதைக் கழற்றிப் பார்ப்பதே இல்லை. நீங்கள் மூன்றையும் மாட்டிப் பாருங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. எனக்கு வலது நடு அளவு, இடது பெரியது.

மாட்டும்போது காதின் மேல்பகுதியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, உள்ளே வைத்து லேசாகத் திருகுங்கள். இரைச்சல் குறைப்பை அணைத்துவிட்டு, பாட்டில்லாமல் "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள் கனமாக அதிர்ந்தால் அடைப்பு சரி. ஒரு பக்கம் மட்டும் அதிர்ந்தால் மறுபக்க ரப்பரை மாற்றுங்கள். பிறகு வாயைத் திறந்து மூடுங்கள், தலையை ஆட்டுங்கள், நிற்கிறதா பாருங்கள். ஏர்பாட்ஸ் ப்ரோவுக்கும் சோனிக்கும் பொருத்தத்தை ஃபோனே சோதித்துச் சொல்லும், அதையும் செய்யுங்கள். ஆனால் ஃபோன் பச்சை காட்டி, உங்கள் காதுக்கு வலி இருந்தால் காதைக் கேளுங்கள்.

வந்த அன்றே அந்தப் பிராண்டின் ஆப்பை இறக்கி மென்பொருளைப் புதுப்பித்துவிடுங்கள். பாதியில் புதுப்பித்தால் முன்பு ஒப்பிட்டது செல்லாமல் போகும்.

6. ஒலியை ஒப்பிடுவது

ஒப்பிட இரண்டு ஜோடி வேண்டும். இரண்டையும் வாங்க வேண்டியதில்லை. நண்பருடையதை ஒரு மாலை இரவல் வாங்குங்கள், ரப்பரைக் கழற்றிவிட்டு உங்களுடையது பொருந்தினால் மாட்டுங்கள், பொருந்தாவிட்டால் அவருடையதையே சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.

ஒரே ஃபோன், ஒரே ஆப், இறக்கி வைத்த அதே பாட்டு, விசிறி அணைத்த அறை. இரண்டிலும் ஈக்வலைசர், பேஸ் மோட், ஒலி சுற்றிலும் இருந்து வருவது போலக் காட்டும் ஸ்பேஷியல் ஆடியோ எல்லாவற்றையும் அணையுங்கள். பல ஆப்கள் பேஸ் தூக்கலை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும்.

இனி முக்கியமானது: சத்த அளவைச் சமமாக்குங்கள். கொஞ்சம் சத்தமாகக் கேட்பது எப்போதும் நன்றாக இருப்பதாகவே தோன்றும். மனிதக் காதின் இயல்பு அது, கடைக்காரர்களுக்கும் நன்றாகத் தெரியும். ஒருவர் பாடும் அல்லது பேசும் பகுதியை முதல் ஜோடியில் வசதியான சத்தத்தில் கேளுங்கள். உடனே இரண்டாவதற்கு மாறி, குரல் அதே தூரத்தில் இருப்பதாகத் தோன்றும் வரை சத்தத்தைக் கூட்டிக் குறையுங்கள். இரண்டுக்கும் வால்யூம் எத்தனை கட்டத்தில் நிற்கிறதென்று எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்த அன்று, நான் மட்டமென்று ஒதுக்கிய ஒரு ஜோடி நான் உசத்தியென்று நினைத்ததை முந்திவிட்டது. இரண்டு கட்டம் சத்தம் குறைவாக இருந்ததுதான் அதன் குற்றம்.

பாட்டு உங்களுக்கு மனப்பாடமானதாக இருக்கட்டும். நான் நான்கு வகை எடுத்துக்கொள்கிறேன்.

கருவிகள் குறைந்த பெண்குரல் பாட்டு. "ச", "ஸ" வரும் இடங்களில் ஊசி குத்துவது போல இருந்தால் மேல் ஒலி தூக்கல். மூச்சு எடுப்பது இயல்பாகக் கேட்கிறதா, குரல் தலையின் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால், ஃபோனின் அக்ஸசிபிலிட்டியில் இடவலச் சமன் கோடு நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு இயர்பட்டைச் சந்தேகப்படுங்கள்.

தவில் தனி. இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. குச்சி விழும் இடப்பக்கத் தோலான தொப்பியின் கனமும், கூடு போட்ட விரல்கள் விழும் வலப்பக்கத் தோலான வலந்தலையின் சொடுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வேகம் ஏறும்போது எல்லாம் சேர்ந்து கும்மென்று குழம்பினால், அந்த இயர்பட்டின் பேஸ் அளவில் பெரியது, கட்டுப்பாட்டில் இல்லை. நாதஸ்வரம் சேரும்போது எரிச்சலில்லாமல் கணீரென்று இருக்க வேண்டும்.

வயலின் கூட்டமும் பேஸ் கிட்டாரும் கோரஸும் நிறைந்த ஒரு பழைய சினிமாப் பாட்டு. பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு பாட்டு முழுக்கப் பின்தொடருங்கள். கோரஸ் வந்ததும் அது காணாமல் போகிறதா? நல்ல இயர்பட்டில் கடைசி வரை கைவிடாது.

நான்காவது, பேச்சு. பட்டிமன்றமோ செய்தியோ. ஆண்குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் நடு ஒலி சரியில்லை.

ஒவ்வொரு பாட்டிலும் 20, 30 விநாடிப் பகுதியை மாற்றி மாற்றிக் கேளுங்கள். அப்புறம், எது பிடித்ததோ அதில் 40 நிமிடம் தொடர்ந்து கேளுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று இருப்பது, அரை மணி நேரத்தில் காதை அலுக்க வைப்பதுண்டு.

லேப்டாப்பில் மீட்டிங் திறந்திருக்கும்போது ஒப்பிடாதீர்கள். மைக் ஓடினால் ப்ளூடூத் பேச்சுக்கான வழிக்கு மாறி, பாட்டு மங்கிவிடும். அது இயர்பட்டின் குறை இல்லை.

7. பஸ்ஸில் ஒரு முறை

வீட்டில் ஜெயித்தது பஸ்ஸில் தோற்கலாம். ஓசூர் பஸ்ஸில் எஞ்சினை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்து, மேலுமலை ஏற்றத்தில் வண்டி உறுமும்போது இரைச்சல் குறைப்பைப் போட்டு அணைத்துப் பாருங்கள். சீரான தாழ்ந்த உறுமல் அடங்க வேண்டும். ஹாரனும் பேச்சும் முழுதாக அடங்காது, எந்த விலையிலும். இரைச்சல் குறைப்பைப் போட்டதும் பாட்டின் குணமே மாறுகிறதா என்றும் கவனியுங்கள். மலிவானவற்றில் பேஸ் ஊதிவிடும். ஜன்னல் ஓரத்தில் காற்று மைக்கில் மோதி இரைந்தால் ஆப்பில் காற்று இரைச்சலுக்கான வசதி இருக்கிறதா பாருங்கள்.

பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் எல்டாக் 990 கிலோபிட்டில் பாட்டு விட்டு விட்டு வந்தால் பழுதென்று நினைக்காதீர்கள். 660க்கு இறக்கினால் சரியாகும். சில மாடல்களில் ஒரே நேரத்தில் இரண்டு கருவியோடு இணைத்தால் எல்டாக் அணைந்துவிடும், அதையும் பாருங்கள்.

பஸ் இரைச்சலை மீற வால்யூமை ஏற்றுவது காதுக்குக் கெடுதல். 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. இரைச்சல் குறைப்புக்குக் காசு கொடுப்பது நியாயம் என்று நான் நினைப்பது, அதனால் என் வால்யூம் பாதிக்குக் கீழே இறங்கியதால்தான்.

8. ஏழு நாளை இப்படிப் பிரியுங்கள்

டெலிவரி ஆன தேதியிலிருந்து எண்ணுங்கள். முதல் நாள் வீடியோ, மென்பொருள், ரப்பர். இரண்டு, மூன்றாம் நாள் வீட்டில் ஒப்பீடு. நான்கு, ஐந்தாம் நாள் பஸ், ஃபோன் கால், முழு பேட்டரி தீரும் வரை ஒரு ஓட்டம். ஆறாம் நாள் காலையில் முடிவு. ஏழாம் நாளுக்குத் தள்ளாதீர்கள், சர்வர் கோளாறு, விடுமுறை என்று ஏதாவது வந்து நிற்கும்.

"ஒரு வாரம் ஓடட்டும், சவுண்ட் செட் ஆகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஒரு வாரத்தில் உங்கள் காதுதான் பழகும், திருப்பும் நாளும் முடிந்துவிடும்.

9. பிறகு பழுதானால்

ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் முதலில் ஒலி வரும் துளையை மூடியிருக்கும் வலையைப் பாருங்கள். காது அழுக்கும் நம் ஊர் ரோட்டுத் தூசியும் சேர்ந்து அடைத்திருக்கும். ரப்பரைக் கழற்றி, வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். ஊசியால் குத்தாதீர்கள்.

அதற்கும் சரியாகாவிட்டால், சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பும் முன் ஃபோனில் பேசி, அந்த மாடலை அங்கே எடுக்கிறார்களா என்று உறுதிசெய்யுங்கள். சேலம் இங்கிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல், திரும்பி வந்தால் ஒரு நாள் போச்சு. உங்கள் பின்கோடுக்கு வீட்டில் வந்து எடுத்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதையே கேளுங்கள். கொடுக்கும்போது, பொருளைப் பெற்றுக்கொண்டதற்கான ஜாப் ஷீட் வாங்கி, இயர்பட்டையும் கேஸையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டிக்குள் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில், சீரியல் நம்பர், அவர்கள் மறுத்த மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், பெங்களூர் கடையாக இருந்தாலும் அங்கே போக வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய்க்குள் மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். என் 1,400 ரூபாய்க்கு இதில் எதுவும் உதவவில்லை, கையில் பில் இல்லை.